எண்ணிக்கை மட்டும் போதுமா? – கின்சியின் கழலைக் குளவி நூல்: ஒரு மறுபார்வை

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டுப் பாருங்கள். கோலிக்குண்டு அளவில், கரும்பச்சையோ பழுப்போ கலந்த நிறத்தில், மேலே சிறு சிறு முண்டுகளுடன் கூடிய கெட்டியான உருண்டை ஒன்றை எடுத்துத் தருவார்கள். குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வீடுகளில் வசம்பு, கடுக்காய், சாதிக்காய் முதலியவற்றோடு இதுவும் இருக்கும். நாவில் பட்டால் கடுமையான துவர்ப்பு. காய் என்று பெயரே தவிர, இது எந்தப் பூவிலிருந்தும் காய்த்தது அன்று. மேற்கு ஆசிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் கொம்பில், ஒரு சிறு குளவி முட்டையிட்டதால் எழுந்த கழலை இது. உருண்டையின் பக்கத்தில் சிறு துளை இருந்தால், உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். துளை இல்லாவிட்டால், அது வெளியேறும் முன்பே பறித்துவிட்டார்கள் என்று பொருள். வணிகர்கள் துளையில்லாததையே உயர்ந்த சரக்காக மதிப்பர். இந்தத் துவர்ப்புப் பொருளோடு அன்னபேதியைச் சேர்த்தால் கறுப்பு மை கிடைக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஏடுகளும் பத்திரங்களும் இந்த மையால்தான் எழுதப்பட்டு வந்தன.

பழைய மருந்துச் சரக்கு நூல்களில் இக்குளவி ‘சினிப்ஸ்’ என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இன்றைய பூச்சியியல் நூல்களிலோ அதே குளவி ‘ஆண்ட்ரிகஸ்’ என்னும் பேரினத்தில் இருக்கிறது. குளவி மாறவில்லை, பெயர் மாறியிருக்கிறது. பாடநூலில் உள்ள பெயரை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இது எரிச்சலூட்டும் செய்தி. ஆனால் பெயர் ஏன் மாறுகிறது, யார் மாற்றுகிறார்கள், எந்தச் சான்றை வைத்து மாற்றுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால், உயிரியலின் அடிப்படைக் கேள்வி ஒன்றுக்கு வந்து சேர்வோம். ஒரு சிற்றினம் என்றால் என்ன?

இந்தக் கேள்விக்கு ஓக் மரக் குளவிகளைக் கொண்டே விடை காண முயன்ற நூல் ஒன்று 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ‘கழலைக் குளவிப் பேரினமாகிய சினிப்ஸ்: சிற்றினத் தோற்றம் பற்றிய ஓர் ஆய்வு’ என்பது அதன் தலைப்பு. எழுதியவர் இண்டியானா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த ஆல்பிரட் கின்சி. பிற்காலத்தில் வேறொரு துறையில் உலகப் புகழும் கண்டனமும் பெற்ற அதே கின்சிதான். குளவி நூலை இன்று படிப்பவர் மிகச் சிலரே. எனினும் அது செய்த நன்மையும் அது செய்த பிழையும் அறிவியல் மாணவர் ஒவ்வொருவருக்கும் பயன்படக் கூடியவை. ஆகவே இந்தப் பழைய நூலை ஒரு முறை நிறுத்துப் பார்ப்போம்.

கழலை என்பது யாது?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். நம் ஊர்ப் புங்க மரத்தின் இலைகளில் சிறு விரல்கள் போல முடிச்சுகள் எழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிலந்திப்பேனின் வேலை. மாவிலையில் காணும் கொப்புளங்கள் ஒருவகைச் சிறு ஈயின் வேலை. தாவரத்தின் திசுவை ஒரு வேற்றுயிர் தன் தேவைக்கேற்ப வளர வைத்துக்கொள்ளும்போது தோன்றும் இவ்வகை வளர்ச்சியையே கழலை என்கிறோம். தஞ்சாவூரில் பிறந்த பூச்சியியல் அறிஞர் எம். எஸ். மணி இத்துறையில் உலகம் அறிந்தவர். அவர் 1964-இல் தாவரக் கழலைகளின் சூழலியல் பற்றியும், 1973-இல் இந்தியாவின் கழலைகள் பற்றியும் பெருநூல்கள் எழுதியிருக்கிறார்.

கழலை உண்டாக்குவோரில் கைதேர்ந்தவை ஓக் மரக் குளவிகள். உலகில் ஏறத்தாழ 1000 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உடையவை, மனிதரைக் கொட்டாதவை. பெண் குளவி தன் நீண்ட முட்டையிடும் உறுப்பை மொட்டிலோ இலை நரம்பிலோ செலுத்தி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளம்புழுவைச் சுற்றி மரத்தின் திசு பெருக்கமடைகிறது. நடுவில் ஓர் அறை, அதன் சுவரில் சத்து நிறைந்த மெல்லிய திசு, வெளியே துவர்ப்பு நிறைந்த தடித்த உறை என்று ஒழுங்கான ஒரு வீடே எழுகிறது. புழு உள்ளிருந்தபடியே சுவரைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பின்பு குளவியாகித் துளையிட்டு வெளியேறுகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், ஒரே ஓக் மரத்தில், ஒரே இலையில்கூட, பல வடிவக் கழலைகள் அருகருகே எழும். ஒன்று செர்ரிப் பழம் போல் சிவந்து உருண்டிருக்கும். ஒன்று முள்ளெலி போல மயிர்க்கூச்செறிந்து நிற்கும். இன்னொன்று சட்டைப் பொத்தான் போல் தட்டையாக ஒட்டியிருக்கும். மரம் ஒன்றே ஆகையால், வடிவத்தைத் தீர்மானிப்பது மரம் அன்று என்பது தெளிவு. எந்தக் குளவி முட்டையிட்டதோ அதுவே வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

நூலின் சிறப்புகள்

கின்சியின் முதற் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. குளவியின் சிறகு நரம்பையும் உணர்கொம்பையும் மட்டும் பார்த்து வகைப்படுத்துவதோடு அவர் நிற்கவில்லை. கழலையின் வடிவமும் குளவியின் பண்புகளுள் ஒன்றே என்றும், சிறகைப் போலவே அதுவும் மரபு வழியில் இறங்குவது என்றும் கொண்டார். எந்த ஓக் வகையில் வாழ்கிறது, எந்த மாதத்தில் வெளிவருகிறது என்பவற்றையும் அதே வரிசையில் வைத்தார். உடலுக்கு வெளியே உயிரினம் எழுப்பும் அமைப்பையும் அதன் பண்பாகவே கருத வேண்டும் என்ற கருத்தை 1982-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் ஒரு தனி நூலாகவே எழுதினார். அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓக் மரத்தடியில் நின்ற ஒருவர் அதை நடைமுறையில் செய்து காட்டியிருக்கிறார்.

இரண்டாவது சிறப்பு உழைப்பு. ஹார்வர்டில் பட்டம் முடித்தவுடன், 1919–20-இல் கின்சி ரயிலிலும் கால்நடையாகவும் ஏறத்தாழ 18,000 மைல் சுற்றிக் கழலை சேர்த்தார். பின்னர் மெக்சிகோவின் மலைகளுக்கும் குவாதமாலாவுக்கும் சென்றார். 1930 நூல் ஏறத்தாழ 17,000 குளவிகளையும் 54,000 கழலைகளையும் ஆதாரமாகக் கொண்டது. அக்காலத்தில் இரண்டு மூன்று பூச்சிகளை ஊசியில் குத்தி வைத்துக்கொண்டு ‘புதிய சிற்றினம்’ என்று அறிவிப்பது பலருக்கும் வழக்கமாக இருந்தது. ஆயிரக்கணக்கில் பார்த்தாலன்றி ஒரு பூச்சியைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்றார் கின்சி.

ஏன் ஆயிரக்கணக்கு? இங்கே மூன்றாவது சிறப்பு வருகிறது. நூலின் உயிர்நிலையும் இதுவே. எந்த இரண்டு குளவியும் ஒன்றாக இருப்பதில்லை. சிறகின் நீளம், உடலின் நிறம், கழலையின் அளவு எல்லாம் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டைப் ‘பிழை’ என்று ஒதுக்கிவிட்டு ஒரு மாதிரிப் பூச்சியை மட்டும் வைத்துக்கொள்வது பழைய முறை. வேறுபாடுதான் உண்மை, மாதிரி என்பது நாம் வசதிக்காகச் செய்துகொண்ட பொம்மை என்பது கின்சியின் முறை.

இதன் அருமை எனக்கு என் மாணவப் பருவ நிகழ்ச்சி ஒன்றால் விளங்கியது. தாவரவியல் செய்முறை வகுப்பில் நித்தியகல்யாணிப் பூவைப் பிரித்து வரையச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த பூவில் ஆறு இதழ்கள் இருந்தன. ஆறையும் வரைந்தேன். ஆசிரியர் ஓர் இதழைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “ஐந்துதான், புத்தகத்தைப் பார்த்து வரை” என்றார். பூ என் மேசையில் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கின்சி அந்த வகுப்பில் இருந்திருந்தால், ஆறு இதழ்ப் பூ எத்தனை பூவுக்கு ஒன்று வருகிறது, எந்தச் செடியில் மிகுதி என்று எண்ணச் சொல்லியிருப்பார். உங்கள் செய்முறை ஏட்டில் எத்தனை படங்கள் உங்கள் கையில் இருந்த பொருளைப் பார்த்து வரைந்தவை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான்காவதாக, இடத்தின் முக்கியத்துவத்தை அவர் கண்டார். ஒரு மலைத்தொடரில் உள்ள குளவிக் கூட்டமும் அடுத்த மலைத்தொடரில் உள்ள கூட்டமும் சற்றே வேறாக இருப்பதையும், இடையே ஓக் மரங்கள் இல்லாத வெளி கிடப்பதையும் வரைபடம் வரைபடமாகக் காட்டினார். பிரிந்திருத்தல் புதுமை தோன்றுவதற்கு வழி என்ற கருத்து 1942-இல் எர்ன்ஸ்ட் மேயரின் நூலுக்குப் பின் உயிரியலின் பொதுச் சொத்தாயிற்று. அதற்கு வழியமைத்த களப்பணிகளுள் கின்சியின் பணியும் ஒன்று.

முதற் குறை: பாதி வாழ்க்கை

இத்தனை சிறப்பும் உடைய நூலில் குறை எங்கே? ஒரு கேள்வி கேட்போம். அந்த 17,000 குளவிகளும் யார்?

ஓக் மரக் குளவிகளின் வாழ்க்கையில் விந்தையான ஒரு முறை இருக்கிறது. ஐரோப்பாவில் வாழும் சினிப்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இலையுதிர் காலத்தில் ஓக் இலையின் அடியில் செர்ரிப் பழம் போன்ற கழலைகள் பழுக்கின்றன. அவற்றிலிருந்து குளிர்காலத்தில் வெளிவருபவை எல்லாம் பெண்கள். ஓர் ஆண்கூட இல்லை. இவை இணைசேராமலே உறங்கும் மொட்டுகளில் முட்டையிடுகின்றன. இதைக் கன்னி இனப்பெருக்கம் என்பர். வசந்த காலத்தில் அந்த மொட்டுகளில் மிகச் சிறிய, ஊதா நிறக் கழலைகள் தோன்றுகின்றன. அவற்றிலிருந்து ஆணும் பெண்ணும் வருகின்றன. இவை இணைசேர்ந்து, பெண் இளம் இலையில் முட்டையிட, மறுபடியும் செர்ரி போன்ற கழலை. ஆணில்லாத் தலைமுறை ஒன்று, இருபால் தலைமுறை ஒன்று என மாறி மாறி வருகின்றன. மகள் தாயைப் போல் இராது. பாட்டியைப் போல் இருக்கும்.

இந்த உண்மை தெரியாத காலத்தில், தாய்க்கும் மகளுக்கும் தனித்தனிப் பேரினப் பெயரே கொடுத்துவிட்டார்கள். மேற்சொன்ன குளவியின் வசந்த காலத் தலைமுறை ‘ஸ்பாதெகாஸ்டர்’ என்னும் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் நகர மருத்துவரான ஹெர்மான் அட்லர், சிறு ஓக் கன்றுகளைத் தொட்டியில் வளர்த்து, குளவிகளை அவற்றின்மேல் விட்டு, எது எதிலிருந்து வருகிறது என்று பொறுமையாகப் பார்த்தார். 1881-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு இப்படிப் பல இணைகளைச் சேர்த்து வைத்தது. அவர் கையில் இலட்சம் பூச்சிகள் இல்லை. சில கன்றுகளும் சில ஆண்டுகளும்தான் இருந்தன.

கின்சிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். குளவிகளின் வாழ்க்கை வரலாறு பற்றி அவரே 1920-இல் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சேர்த்த முறையைப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் பழுத்து, தூரத்திலிருந்தே கண்ணில் படும் பெரிய கழலைகளைப் பறித்துப் பைகளில் நிரப்பி அனுப்பினார். வசந்தத்தில் மொட்டுக்குள் சில வாரங்களே இருந்து மறையும் நுண்ணிய கழலைகள் அவர் கையில் மிகக் குறைவாகவே சிக்கின. ஆகவே சினிப்ஸ் பேரினத்தில் அவர் விவரித்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஆணில்லாத் தலைமுறை மட்டுமே தெரியும். அரைப் பக்கம் கிழிந்துபோன புத்தகத்தைப் படித்தவர் நிலைதான் அவருடைய நிலை. பிரதிகள் ஆயிரம் இருக்கலாம்; எல்லாவற்றிலும் கிழிந்தது அதே பாதி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. மாதிரி எடுத்தலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் இப்பழமொழி பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: பானை முழுதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். அடி தீய்ந்து மேல் வேகாத பானையில், மேலிருந்து ஒரு சோறு எடுத்தாலும் ஒன்றுதான், ஓர் அகப்பை எடுத்தாலும் ஒன்றுதான். எவ்வளவு எடுத்தோம் என்பதற்கு முன், எங்கிருந்து எடுத்தோம் என்று கேட்க வேண்டும். கின்சி நூலின் எடைமிக்க எண்ணிக்கைகள் இந்தக் கேள்வியை மறக்கச் செய்கின்றன.

இரண்டாங் குறை: குட்டைச் சிறகு

இந்தப் பிழை வெறும் கணக்குப் பிழையாக நின்றுவிடவில்லை. நூலின் முடிவுகளையே அது தொட்டது. அமெரிக்கக் குளவிகளில் சிலவற்றுக்கு முழுச் சிறகு. சிலவற்றுக்குப் பறக்க உதவாத குட்டைச் சிறகு. இடைப்பட்ட வடிவங்கள் அரிதாகவே கண்ணில் பட்டன. இதிலிருந்து கின்சி, குட்டைச் சிறகு சிறிது சிறிதாக வந்ததன்று. திடீர் மாற்றத்தால் ஒரே எட்டில், அதுவும் தனித்தனிக் குழுக்களில் பலமுறை வந்தது என்று முடிவு கட்டினார். சிற்றினங்களை வேறுபடுத்தும் பண்புகளில் பல உயிரினத்துக்கு நன்மையோ தீமையோ செய்வதில்லை என்றும், இயற்கைத் தேர்வுக்கு அவற்றில் பெரிய பங்கில்லை என்றும் கருதினார்.

ஒரு பண்பு ஒரே திடீர் மாற்றத்தால் வந்ததா என்று அறிய மெண்டல் காலத்திலிருந்தே ஒரு சோதனை உண்டு. நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்து, பேரப்பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பது. குட்டைச் சிறகுக் குளவிகளில் அதைச் செய்ய முடியுமா? அவை ஆணில்லாத் தலைமுறையைச் சேர்ந்த பெண்கள். கலக்க வேண்டுமானால் வசந்தத் தலைமுறையைக் கண்டுபிடித்து, ஆணையும் பெண்ணையும் இணைசேர்த்து, மறு தலைமுறையை வளர்க்க வேண்டும். அதாவது, எந்தப் பாதி கிழிந்துபோயிற்றோ அந்தப் பாதியில்தான் விடை இருக்கிறது. எத்தனை ஆயிரம் சிறகுகளை அளந்தாலும் இந்த விடை அளவுகோலில் ஏறாது.

மாற்று விளக்கம் ஒன்றும் எளிதாகவே இருக்கிறது. குட்டைச் சிறகு அல்லது சிறகில்லாத இக்குளவிகளில் பல, கடுங்குளிர் தொடங்கியபின் வெளிவருகின்றன; பனியின்மேல் ஊர்ந்து செல்வதைக்கூடக் கண்டிருக்கிறார்கள். குளிரில் பறக்கும் தசைகள் இயங்குவது கடினம். முட்டையிட வேண்டிய மொட்டோ அதே மரத்திலேயே இருக்கிறது. சிறகுக்குச் செலவிடும் சத்தை முட்டைக்குச் செலவிட்டால் இலாபம். குளிர்காலத்தில் வெளிவரும் வேறு பூச்சிகளிலும், எடுத்துக்காட்டாக ஐரோப்பியக் குளிர்கால அந்துப்பூச்சியின் பெண்களிலும், சிறகு குன்றியிருப்பதைக் காண்கிறோம். ஒன்றுக்கொன்று உறவில்லாத பூச்சிகள் ஒரே சூழ்நிலையில் ஒரே முடிவுக்கு வந்திருந்தால், அங்கே இயற்கைத் தேர்வைத் தேடுவதே முறை. குட்டைச் சிறகு பலமுறை தனித்தனியே தோன்றியது என்ற கின்சியின் கண்டுபிடிப்பு, உண்மையில் அவர் மறுத்த கொள்கைக்கே துணை நிற்கிறது.

மூன்றாங் குறை: எது சிற்றினம்?

1936-இல் கின்சி ‘சினிப்ஸ் பேரினத்தில் உயர்பிரிவுகளின் தோற்றம்’ என்னும் தொடர்நூலை வெளியிட்டார். பேரினம், குடும்பம் போன்ற உயர்பிரிவுகள் மனிதன் வசதிக்காகப் போட்ட வேலிகள். இயற்கையில் இருப்பவை சங்கிலி போல் தொடரும் சிற்றினங்களே என்று அதில் வாதிட்டார். துணிவான வாதம். ஆனால் வேலிகளைப் பிடுங்கி எறிந்தவர் தாமே ஒரு புது வேலியை நட்டார். ஒவ்வொரு வட்டாரத்துக் கூட்டத்தையும் தனிச் சிற்றினமாகக் கொண்டு பெயரிட்டார். அவற்றுள் பல, மற்றவர்கள் துணைச் சிற்றினம் என்றோ வட்டார வேறுபாடு என்றோ சொல்லக் கூடியவை.

வேறுபாடே உண்மை, மாதிரி பொய் என்று சொன்னவர், சற்றே வேறுபட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர்ச் சீட்டு ஒட்டியது முரண்பாடு அல்லவா? இரண்டு கூட்டங்கள் இணைசேர்ந்து வளமான சந்ததி தருமா என்பது சிற்றினத்தை அறிய இன்று பெரிதும் கையாளப்படும் அளவுகோல். ஆணில்லாத் தலைமுறையை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவரால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஆகவே நிறமும் நீளமும் இடமும் பார்த்துப் பெயரிட்டார். நூலின் மூன்று குறைகளும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதை இப்போது நீங்களே காணலாம்.

பெயர்கள் என்னவாயின?

காலம் இந்நூலுக்கு அளித்த தீர்ப்பு கலப்பானது. கின்சி சினிப்ஸ் என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த அமெரிக்கக் குழுக்களை, பின்வந்த அறிஞர்கள் அட்ரஸ்கா, அக்ராஸ்பிஸ், ஃபிலோனிக்ஸ் என மீண்டும் தனிப் பேரினங்களாகப் பிரித்தனர். தோற்றத்தில் ஒத்திருப்பவை எல்லாம் உறவில் நெருங்கியவை அல்ல என்பதை டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டின. வசந்தக் கழலையில் வந்த குளவியையும் இலையுதிர் காலக் கழலையில் வந்த குளவியையும் டி.என்.ஏ.வை ஒப்பிட்டே தாய்–மகள் என்று சொல்லிவிட இன்று முடிகிறது. கின்சிக்கு இக்கருவி கிடையாது; ஆகவே இது இல்லையே என்று அவரைக் குறை கூறுவது முறையன்று. ஆனால் அட்லரின் ஓக் கன்றும் தொட்டியும் அவர் காலத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே இருந்தன.

மறுபக்கம், அவர் சேர்த்த பொருள்கள் வீண்போகவில்லை. 1956-இல் கின்சி மறைந்தபின் அவருடைய சேகரம் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றது. குளவிகளும் கழலைகளுமாக ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு பூச்சியின் கீழும் நுண்ணிய எழுத்தில் ஊரும் நாளும் எழுதிய சீட்டு இருக்கிறது. அவர் இட்ட பெயர் மாறலாம், அவர் கட்டிய கொள்கை விழலாம். எந்த ஊரில், எந்த நாளில் கிடைத்தது என்ற சீட்டு மட்டும் என்றைக்கும் பயன்படும்.

குளவியிலிருந்து மனிதருக்கு

1938-க்குப் பின் கின்சி குளவிகளை விட்டுவிட்டு, மனிதரின் பால் நடத்தையைப் பற்றிய ஆய்வில் இறங்கினார். ஆண்களைப் பற்றிய நூல் 1948-லும், பெண்களைப் பற்றியது 1953-லும் வெளிவந்தன. மனிதரை இயல்பானவர், இயல்பற்றவர் என்று இரண்டு பெட்டிகளில் அடைக்க முடியாது. படிப்படியான வேறுபாடுகளே உண்மை என்பது அவற்றின் சாரம். புகழ்பெற்ற உயிரியல் எழுத்தாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1982-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இந்தப் பார்வை குளவி ஆய்விலிருந்தே வந்தது என்று எடுத்துக்காட்டிப் பாராட்டினார். அது சரியே. ஆனால் சிறப்பு மட்டுமா கூட வந்தது? குறையும் கூடவே வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆண்களைப் பற்றிய நூலுக்கு ஏறத்தாழ 5,300 பேரிடம் செவ்வி கண்டிருந்தார்கள். அதற்கு முன் யாரும் செய்யாத அளவு. ஆனால் அவர்கள் நாட்டு மக்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தவர்கள் அல்லர். தாமாக முன்வந்தவர்கள், சிறையில் இருந்தவர்கள், எளிதில் அணுகக் கிடைத்தவர்கள் பலர். காக்ரன், மாஸ்டெல்லர், டூக்கி என்னும் மூன்று புள்ளியியல் அறிஞர்கள் கொண்ட குழு ஒன்று இதை ஆராய்ந்து 1954-இல் விரிவான நூல் வெளியிட்டது. முன்வந்த ஆய்வுகளைவிட இது மேம்பட்டது என்று ஒப்புக்கொண்ட அவர்கள், மாதிரி எடுத்த முறையையே முதற் குறையாகச் சுட்டினர். சாலையோரத்தில் கண்ணில் பட்ட கழலையைப் பறித்த அதே கை, கைக்கெட்டிய மனிதரிடம் கேள்வி கேட்டது. எண்ணிக்கை பெருகினால் சாய்வு தானே மறையும் என்ற நம்பிக்கையும் அதே நம்பிக்கைதான். கூல்டின் பாராட்டுக் கட்டுரை குளவியின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது.

இந்தப் பாடம் இன்று பழையதாகிவிடவில்லை. ‘இலட்சம் பேரிடம் கேட்டோம்’ என்று செய்தி வரும்போதெல்லாம், எந்த இலட்சம் பேர் என்று கேட்கப் பழக வேண்டும்.

நீங்கள் செய்து பார்க்க

இந்நூலை என் மதிப்பில் எங்கே வைப்பது? களப்பணிக்கும், வேறுபாட்டை மதிக்கும் மனத்துக்கும் இது முதல்தரமான நூல். பரிணாமக் கொள்கைக்கு நம்பத் தகாத நூல். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்திருப்பதனாலேயே மாணவருக்கு இது நல்ல ஆசிரியர்.

படித்ததோடு நில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஊரில் புங்க மரம் இல்லாத தெரு குறைவு. ஐம்பது இலைகளைப் பறித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கழலைகள் என்று எண்ணி ஏட்டில் எழுதுங்கள். எந்த மரம், எந்த நாள் என்பதையும் குறியுங்கள். சராசரியை மட்டும் எழுதாமல், ஐம்பது எண்களையும் அப்படியே வரிசையாக எழுதுங்கள். கின்சியிடமிருந்து கற்க வேண்டிய பாதி இது.

அடுத்து, அந்த ஐம்பது இலைகளை எங்கிருந்து பறித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கைக்கெட்டிய தாழ்ந்த கிளையிலிருந்துதானே? கழலை உள்ள இலை கண்ணைக் கவர்ந்ததால் அதையே தேடிப் பறித்தீர்களா? இப்போது கிளைகளுக்கு எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி எடுத்து, மேல்கிளை, உள்கிளை எல்லாவற்றிலிருந்தும் மறுபடி ஐம்பது பறியுங்கள். பெரியவர் ஒருவர் துணையோடு துரட்டியைப் பயன்படுத்துங்கள். மரத்தில் ஏற வேண்டாம். இரண்டு பட்டியலையும் அருகருகே வையுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் உங்கள் பானை சீராக வெந்தது. ஒத்திராவிட்டால், முதற்பட்டியலில் ஐந்நூறு இலை இருந்திருந்தாலும் உங்களுக்கு உண்மை கிடைத்திராது. இரண்டாவது பட்டியலை எழுதும்போது, நாளையும் மரத்தையும் குறிக்க மறந்துவிடாதீர்கள்.